வற்றாளங்கிழங்கும் வெங்காற்று அடுப்பும்

உணவை நெருப்பின் உதவியாற் பக்குவஞ் செய்யும் வகைகளைக் குறிப்பதற்குத் தமிழில் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று சற்றே எண்ணிப் பாருங்கள். நீரில் இட்டு வேகச் செய்வது அவித்தல். அனலில் நேரே காட்டுவது வாட்டுதல். தணலிலோ சாம்பலிலோ புதைத்தும், போறணையின் வெக்கையில் வைத்தும் சமைப்பது சுடுதல். வெறும் ஓட்டிலே புரட்டுவது வறுத்தல். சிறிது எண்ணெயிற் கிளறுவது வதக்குதல். நிறைந்த எண்ணெயில் மூழ்கச் செய்வது பொரித்தல். இவற்றுள் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை வழங்கினால் எங்கள் வீட்டுப் பாட்டிமார் சிரிப்பார்கள். அப்பளத்தைச் சுட்டாயா, பொரித்தாயா என்று ஒருவர் கேட்கும்போது, அவை இரண்டும் இருவேறு பண்டங்கள் என்பது கேட்பவருக்கும் தெரியும்; கேட்கப்படுபவருக்கும் தெரியும்.

இத்துணைச் சொல்வளம் இருந்தும், அண்மைக் காலத்தில் எம்முடைய அடுக்களைகளுட் புகுந்துள்ள ஒரு பொறியை, அது கொண்டுவந்த பெயராலேயே அழைத்து வருகின்றோம். எயார் பிரையர் என்பது அப்பெயர். காற்றினாற் பொரிப்பது என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். காற்றுப் பொரிப்பான் என மொழிபெயர்த்து வழங்குவோரும் உளர். மொழிபெயர்ப்பிலே குற்றமில்லை, மூலப் பெயரிலேயே குற்றம் இருக்கின்றது. அந்தப் பொறி எதனையும் பொரிப்பதில்லை. அது சுடுகின்றது. இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டால் வற்றாளங்கிழங்கை அதில் மொறுமொறுப்பாகச் சமைப்பது எளிதாகும். கொள்ளாவிடின் நாவுக்கு ஏமாற்றமும், சில வீடுகளில் உடம்புக்குக் கேடும் விளையும். இதனை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

பாடசாலை அதிபர் ஒருவருக்கு அடுக்களையில் என்ன அலுவல் என்று நேயர்கள் சிலர் எண்ணக்கூடும். பெற்றோர் கூட்டம் முடிந்து தேநீர்க் கோப்பையைக் கையில் எடுக்கும் வேளையிலேதான் பெற்றோரின் உண்மையான கவலைகள் வெளிவருகின்றன என்பது என் அனுபவம். பிள்ளை பிற்பகல் இரண்டு மணிக்கு வீடு வருகின்றான். நான்கு மணிக்குத் தனியார் வகுப்புக்குப் போகவேண்டும். இடையில் அவனுக்கு ஏதேனும் தின்னக் கொடுக்கவேண்டும். அவன் கேட்பதோ கடையில் விற்கும் பொரியல். தெருவோரத் தாச்சியிலே பலமுறை காய்ந்து கறுத்துக் கிடக்கும் எண்ணெயை நினைத்தால் தாய்க்கு அச்சம். ஆகவே, வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பியோ, தவணைப் பணத்தில் வாங்கியோ, பத்தாயிரக்கணக்கான ரூபா பெறுமதியான இந்தப் பொறி வீட்டுக்கு வருகின்றது. முதல் நாள் கோழி; இரண்டாம் நாள் வற்றாளங்கிழங்கு. கோழி நன்றாகவே வருகின்றது. கிழங்கோ நுனி கருகி, நடு துவண்டு, நனைந்த துணியைப் போல வந்து சேர்கின்றது. கடைப் பொரியல் போல இல்லையே, அம்மா, என்று பிள்ளை தட்டை ஒதுக்கிவிடுகின்றான். மூன்றாம் மாதம் அந்தப் பொறி அலுமாரியின் உச்சியில் ஏறிவிடுகின்றது. ஏறத்தாழ இதே கதையைப் பல தாய்மாரிடம் நான் கேட்டிருக்கின்றேன். தாயின் கைத்திறனிலே குறை கண்டவர்கள் உண்டு. பொறியின் பெயரிலே குறை கண்டவரை நான் கண்டதில்லை.

அந்தப் பொறியின் உள்ளமைப்பை முதலில் நோக்குவோம். ஒல்லாந்து நாட்டுப் பிலிப்ஸ் நிறுவனம் 2010 ஆம் ஆண்டில் இதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பின்னர் வேறு பல நிறுவனங்களும் செய்யத் தொடங்கின. மேற்புறத்திலே மின்சாரத்தாற் சூடேறும் வெப்பச்சுருள் ஒன்று. அதற்கு மேல் ஒரு விசிறி. கீழே துளைகள் உள்ள ஒரு கூடை. சுருள் காற்றைச் சூடாக்குகின்றது; விசிறி அந்த வெங்காற்றைக் கூடையைச் சுற்றி விரைந்து சுழலச் செய்கின்றது. வெப்பம் பாய்மத்தின் அசைவினால் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்வதை மேற்காவுகை என்று பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர் கற்பிக்கின்றார் அல்லவா? அந்த மேற்காவுகையே இங்கு நடைபெறுகின்றது. சுருங்கச் சொல்வதாயின், பாண் சுடும் போறணையை ஒரு வாளி அளவுக்குச் சுருக்கி, அதன் தலையில் ஒரு விசிறியைப் பூட்டினால் எயார் பிரையர் ஆகிவிடும்.

இனி, எண்ணெய்க்கும் காற்றுக்கும் உள்ள வேற்றுமை. தாச்சியிலே கொதிக்கும் எண்ணெயுட் கிழங்குத் துண்டை இட்டவுடன், எண்ணெய் அதன் எல்லாப் பக்கத்தையும் ஒரே கணத்திற் பற்றிக்கொள்கின்றது. ஒரு லீற்றர் எண்ணெய் தன்னகத்தே வைத்திருக்கும் வெப்பம், அதே சூட்டில் உள்ள ஒரு லீற்றர் காற்றில் இருக்கும் வெப்பத்தினும் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்டது. எண்ணெய் செல்வர் வீட்டுக் களஞ்சியம் போன்றது. எவ்வளவு எடுத்தாலும் குறையாது. காற்றோ அன்றாடங் கூலி பெறுபவன் போன்றது. அது சிறிது வெப்பத்தைச் சுமந்து வந்து கிழங்கிற்குக் கொடுத்துவிட்டு, மறுபடியும் சுருளிடம் சென்று வாங்கிக்கொண்டு ஓடிவரவேண்டும். ஆகவே காற்று ஓடுவதற்கு வழி வேண்டும். கிழங்கின் எல்லாப் பக்கமும் அதற்குத் திறந்திருக்கவேண்டும். கூடையை விளிம்பு வரை நிரப்புவோர் இதனை மறந்துவிடுகின்றனர். நிரம்பிய கூடையில் மேலே உள்ளவை கருக, நடுவில் உள்ளவை தம் ஆவியிலேயே அவிந்து போகின்றன. சுடவேண்டிய பொறியில் அவியல் நடந்துவிடுகின்றது.

மொறுமொறுப்பு என்பதுதான் யாது? ஒரு பண்டத்தின் புறத்தோல் நீரை இழந்து வன்மை பெற்று, பல்லிடைப் பட்டவுடன் ஓசையோடு முறிவதையே அவ்வாறு கூறுகின்றோம். வற்றாளங்கிழங்கின் நிறையில் நூற்றுக்கு எழுபது பங்களவு நீர். உருளைக்கிழங்கிலும் நீர் மிகுதியே. எனினும் உருளைக்கிழங்கிற்கு இல்லாத ஓர் இடர் வற்றாளைக்கு உண்டு. அதன் உள்ளே அமைலேசு எனப்படும் நொதியம் பெருமளவில் இருக்கின்றது. கிழங்கு சூடேறி, ஏறத்தாழ 60 பாகை செல்சியசுக்கும் 75 பாகைக்கும் இடையில் நிற்கும் வேளையில், இளகத் தொடங்கிய மாப்பொருளை அந்த நொதியம் மோல்ற்றோசு என்னும் வெல்லமாக மாற்றுகின்றது. வெல்லம் ஈரத்தை விடாது பிடித்துவைத்துக்கொள்ளும். அதிக சூடு பட்டால் விரைவிற் கருகவுஞ் செய்யும். நடு துவள்வதற்கும் நுனி கருகுவதற்கும் காரணம் இப்பொழுது விளங்கும்.

கிராமங்களில் அடுப்புச் சாம்பலுட் புதைத்துச் சுட்ட முழுக் கிழங்கு ஏன் அத்துணை இனிக்கின்றது என்பதற்கும் விடை இதுவே. பருத்த கிழங்கின் நடுப்பகுதி மெல்ல மெல்லச் சூடேறுவதால், நொதியத்திற்குத் தன் வேலையைச் செய்வதற்கு நெடுநேரம் கிடைக்கின்றது. தோலை உரித்தால் தேன் கசிந்தது போலிருக்கும். அது ஒரு தனிச் சுவை. அதனையும் மொறுமொறுப்பையும் ஒரே துண்டில் எதிர்பார்த்தல் ஆகாது. மொறுமொறுப்பு வேண்டுமாயின் கிழங்கை மெல்லியதாக நறுக்கி, அந்த இடைப்பட்ட சூட்டை அது விரைவிற் கடந்துவிடுமாறு செய்யவேண்டும்.

கிழங்கைத் தெரிவு செய்வதிலும் கவனம் வேண்டும். நாம் வற்றாளை என்றும் வத்தாளை என்றும் அழைப்பதைத் தமிழகத்தார் சர்க்கரைவள்ளி என்பர். சிங்கள மக்கள் பத்தல என்பர். இது எங்கள் மண்ணில் தோன்றிய பயிர் அன்று. இதன் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலம். கரிபியன் தீவுகளின் பழங்குடி மக்கள் இதனைப் பத்தாத்தா என்றனர். அச்சொல்லையே ஸ்பானியரும் போர்த்துக்கேயரும் எடுத்துக்கொண்டனர். பத்தல என்ற சொல்லில் அதன் எதிரொலி கேட்கின்றது. கிழங்கைத் துடைக்கும் துவாயும், சுடும் போறணையும், சமைக்கும் குசினியும் கூடப் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்களே. ஒரு கிழங்கைச் சுட முற்பட்டாலும் வரலாற்றின் மீது கால் இடறுகின்றது, அது நிற்க.

சந்தையிற் கிடைக்கும் வற்றாளைகளுட் சிவந்த தோலும் வெண்மையோ இளமஞ்சளோ ஆன சதையும் உடையவை மாப்பற்று மிகுந்தவை, நீர் குறைந்தவை. செம்மஞ்சட் சதையுடையவை பொதுவாக ஈரம் மிகுந்து, மென்மையாக அவிபவை. கைத்தொலைபேசியிற் காணும் மேனாட்டுச் செய்முறைகள் பெரும்பாலும் செம்மஞ்சட் கிழங்கிற்கு உரியவை. எங்கள் ஊர் வெண்சதைக் கிழங்கு மொறுமொறுப்புக்கு அவற்றினும் ஏற்றது. நுனி கூர்மையாகவும் நடு மிகப் பருத்தும் இருப்பவற்றைத் தவிர்த்து, சீரான பருமனுள்ளவற்றை எடுங்கள். வண்டு துளைத்த கிழங்கு கசக்கும், துளை சிறிதாயினும் கசப்பு உள்ளெங்கும் பரவியிருக்கும், சமைத்தாலும் நீங்காது. பூஞ்சணம் பிடித்ததை மாட்டுக்கும் போடாதீர்கள். அத்தகைய வற்றாளையைத் தின்ற மாடுகள் மூச்சுத் திணறி இறந்தமை கால்நடை வைத்திய நூல்களிற் பதிவாகியுள்ளது. சமைக்காத கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியுள் வைப்பதும் நன்றன்று. குளிர் தாங்காத கிழங்கு அது. அவித்தாலும் நடு இறுகியே நிற்கும். காற்றோட்டமான மூலையில் ஒரு கடகத்தில் இருக்கட்டும்.

இனிச் செய்முறைக்கு வருவோம். நால்வருக்கு அரைக் கிலோ கிழங்கு போதும். கழுவித் தோலைச் சீவி, சுண்டுவிரலினும் சற்று மெல்லிய நீளத் துண்டுகளாக நறுக்குங்கள். எல்லாத் துண்டுகளும் ஒரே பருமனாய் இருத்தல் வேண்டும் என்பதை எத்தனை முறை கூறினாலும் தகும். ஒன்று பருத்தும் ஒன்று மெலிந்தும் இருப்பின், மெலிந்தது கரியாகும்போது பருத்தது பச்சையாகவே இருக்கும். வகுப்பறையிலே எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேகத்திற் கற்பதில்லை. அங்கே ஆசிரியர் பொறுமை காட்டலாம். அடுப்புக்கு அந்தப் பொறுமை இல்லை.

நறுக்கிய துண்டுகளைத் தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவிடுங்கள். நீர் பால் போலக் கலங்குவதைக் காண்பீர்கள். கத்தி பட்டு உடைந்த கலங்களிலிருந்து வெளிவந்த மாப்பொருள் அது. அதனைக் கழுவி அகற்றாவிடின் துண்டுகள் ஒன்றோடொன்று பசை போல ஒட்டிக்கொள்ளும். புறத்தில் உள்ள வெல்லத்திலும் ஒரு பகுதி நீரோடு போய்விடும். அதனாற் கருகுவது குறையும். பின்னர் நீரை வடித்து, இன்னொரு முறை அலசி, துவாயின் மேற் பரப்பி, மற்றொரு துவாயால் ஒற்றி, ஈரம் சிறிதும் இல்லாதவாறு உலர்த்துங்கள். இந்த உலர்த்துதலிலேதான் பெரும்பாலோர் அவசரப்படுகின்றனர். புறத்தில் நிற்கும் ஈரம் முழுவதும் ஆவியாகும் வரை கிழங்கின் தோல் கொதிநீரின் சூட்டைக் கடந்து மேலேறாது. அத்துணை நேரமும் நீங்கள் சுடுவதாக நினைத்து அவித்துக்கொண்டிருக்கின்றீர்கள். ஐந்து நிமிடம் விசிறியின் கீழ் வைத்தாலும் நட்டமில்லை.

உலர்ந்த துண்டுகளை ஓர் அகன்ற பாத்திரத்தில் இட்டு, ஒரு மேசைக்கரண்டி சோளமா தூவிக் குலுக்குங்கள். சோளமா இல்லாத வீட்டில் வறுக்காத அரிசிமா உதவும். சற்றுக் கடினமான மொறுமொறுப்பைத் தரும். வெண்தூள் கண்ணுக்குத் தெரியாதவாறு மா எங்கும் படிந்தபின், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுப் பிசறுங்கள். முதலில் மா, பின்னர் எண்ணெய். இந்த ஒழுங்கை மாற்றினால் மா கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். எண்ணெயே வேண்டாம் என்று வீம்பு பிடிப்போர் உளர். எண்ணெயில்லாத துண்டு தோல் தடித்து, வற்றல் போலாகும். அந்த மெல்லிய எண்ணெய்ப் படலமே காற்றின் வெப்பத்தைத் தோலெங்கும் ஒரே சீராய்ப் பரப்புகின்றது. தேங்காய் எண்ணெய் எங்கள் நாவுக்குப் பழகிய வாசனையைத் தரும். விரும்பினால் மிளகுத்தூளும் சீரகத்தூளும் சேர்க்கலாம். உப்பை இப்பொழுது சேர்க்கவே கூடாது. உப்புப் பட்டவுடன் கிழங்கின் உள்ளிருக்கும் நீர் வெளியே இழுக்கப்படும். பத்தாம் வகுப்பிற் படித்த பிரசாரணம் என்னும் பாடம் இங்கே நினைவுக்கு வரும். அரும்பாடுபட்டு உலர்த்திய துண்டு மறுபடியும் நனைந்துவிடும்.

பொறியை 190 பாகைக்கு வைத்து, வெறுமையாகவே ஐந்து நிமிடம் சூடேற்றுங்கள். பின்னர் துண்டுகளைக் கூடையில் ஒரே அடுக்காக, இடைவெளி விட்டுப் பரப்புங்கள். அரைக் கிலோ கிழங்கு சிறிய பொறியில் ஒரே தடவையிற் கொள்ளாது. இரண்டு தடவையாகச் செய்யுங்கள். ஐந்தாம் நிமிடத்திலும் பத்தாம் நிமிடத்திலும் கூடையை வெளியே எடுத்து, சுளகிற் புடைப்பது போல ஒருமுறை குலுக்குங்கள். பன்னிரண்டாம் நிமிடத்திலிருந்து பக்கத்திலேயே நில்லுங்கள். பெரும்பாலும் பதினைந்து நிமிடத்தளவில் ஆகிவிடும். ஆயினும் பொறிக்குப் பொறி சூடு வேறுபடும். மணிக்கூட்டினும் கண்ணையே நம்புங்கள். பொன்னிறம் வந்து, விளிம்பு சற்றே சிவக்கத் தொடங்கும்போது நிறுத்திவிடவேண்டும். நன்கு கபிலநிறமாகும் வரை விடுவது சுவைக்கும் கேடு, உடம்புக்கும் நன்றன்று. மாப்பொருள் மிகுந்த உணவுகளை 120 பாகைக்கு மேற்பட்ட சூட்டிற் கருகச் சுடும்போது அக்ரிலமைட் என்னும் வேண்டாத பொருள் உண்டாகின்றது என்பதைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர் 2002 ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தனர். வற்றாளையும் இதற்கு விலக்கன்று.

வெளியே எடுத்த துண்டுகளைக் குவிக்காமல் ஒரு கம்பித் தட்டிற் பரப்பி, இரண்டு நிமிடம் ஆவி போகவிட்டு, அதன்பின் உப்பைத் தூவுங்கள். மூடி போட்டு வைப்போரும், சூட்டோடு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துப் பிள்ளையின் கையிற் கொடுத்து அனுப்புவோரும், தம் உழைப்பைத் தாமே அவித்து விடுகின்றனர். மிஞ்சியதை மறுநாள் 180 பாகையில் மூன்று நான்கு நிமிடம் வைத்தால் ஓரளவு மீண்டும் மொறுமொறுப்பாகும். முதல் நாளின் பதம் வராது. கட்டைச் சம்பலோடு தின்னலாம். தேசிக்காய்ப் புளி சில துளி விட்டும் தின்னலாம். தக்காளிச் சோஸ் போத்தலைத் தேடவேண்டிய அவசியமில்லை என்பது என் சொந்த எண்ணம். பிள்ளைகள் அதற்கு உடன்படுவதில்லை.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இத்தகைய பொறிகள் பல 1500 உவாற்று அளவில் மின்சாரம் எடுப்பவை. சூடேற்றும் நேரத்தோடு இரண்டு தடவை சமைப்பதற்கு நாற்பது நிமிடம் என்று கொண்டால், மிஞ்சிமிஞ்சி ஓர் அலகு செலவாகும். குறித்த சூடு வந்தபின் சுருள் இடையிடையே தானாக அணைவதால் உண்மையிற் சற்றுக் குறையவே ஆகும். ஒருநாளைக்கு ஓர் அலகு சிறிதெனத் தோன்றும். ஆயின், அலகுகள் கூடக்கூட ஒவ்வோர் அலகின் விலையும் ஏறுகின்ற எங்கள் கட்டண முறையில், மாதம் முப்பது அலகு என்பது பட்டியலிலே தெளிவாகத் தெரியும். பழைய வீடுகளில் உள்ள 5 அம்பியர் குதையில் இதனைச் செருகுவது ஆபத்து. 230 வோற்று மின்னழுத்தத்தில் 1500 உவாற்றுப் பொறி ஆறரை அம்பியர் இழுக்கும். மலிவான நீட்டு வயர்களும் சூடேறி உருகக்கூடும். 13 அம்பியர் குதையில், வேறெதையும் சேர்த்துச் செருகாது பயன்படுத்துங்கள்.

இந்தப் பொறி இல்லாத வீடுகளே நாட்டில் மிகுதி. அவர்கள் வருந்தவேண்டியதில்லை. மேலே கூறிய முறையில் நறுக்கி, ஊறவைத்து, உலர்த்தி, மா தூவிய துண்டுகளை, தடித்த தோசைக்கல்லில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, நெருக்கமின்றிப் பரப்பித் திருப்பித் திருப்பிச் சுட்டால், ஏறத்தாழ அதே பண்டம் கிடைக்கும். 2022 ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களை நினைவிற் கொள்வோர்க்கு வேறொன்றும் தெரியும். நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேலும் மின்சாரம் தடைப்பட்ட நாட்கள் அவை. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் வரிசையில் நின்றனர். மின்சாரப் பொறிகள் யாவும் வாய்மூடி நின்ற அக்காலத்தில், முற்றத்து விறகடுப்பில் அவித்த வற்றாளையும் மரவள்ளியும் எத்தனையோ வீடுகளின் இராச்சாப்பாடாயின. அவ்வாண்டு யூன் மாதத்தில், வெள்ளிக்கிழமைகளில் வீட்டுத்தோட்டம் செய்க என்று அரசாங்க ஊழியர்க்கு விடுமுறையும் வழங்கப்பட்டது. வற்றாளைக் கொடியை வெட்டி ஈரமண்ணில் நட்டால் மூன்றரை நான்கு மாதங்களிற் கிழங்கு தோண்டலாம். அதற்கு வயரும் வேண்டாம், குதையும் வேண்டாம்.

பேச்சின் தொடக்கத்தில், பொரித்தல் வேறு, சுடுதல் வேறு என்றேன். இவ்வேற்றுமை நாவோடு நின்றுவிடுவதன்று. எம்மிடையே பணியாற்றி இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் நீரிழிவு உடையவர். எண்ணெய் இல்லை, ஆகவே எனக்குக் கேடு இல்லை, என்று சொல்லி மாலைதோறும் ஒரு தட்டு நிறைய எயார் பிரையர் வற்றாளை உண்டு வந்தார். அவரைப் போல எண்ணுவோர் எங்கும் இருக்கின்றனர். எண்ணெய் குறைகின்றது என்பது உண்மையே. அரைக் கிலோ கிழங்கிற்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் என்பது ஏறத்தாழ 120 கலோரி. அதனை நால்வர் பகிர்ந்துகொள்கின்றனர். உடற்பருமனையும் கறுத்த எண்ணெயையும் அஞ்சுவோர்க்கு இது நல்ல வழி. நீரிழிவு உடையவருக்கோ எண்ணெய் ஒரு பாதி. மாப்பொருள் மறு பாதி. மாப்பொருளை எந்தப் பொறியும் குறைப்பதில்லை.

அதற்கு மேலும் ஒன்று உண்டு. ஜமெய்க்கா நாட்டு ஆய்வாளர், அங்கே விளையும் பத்து இன வற்றாளைகளை அவித்தும், பொரித்தும், போறணையில் வைத்தும், தணலிற் சுட்டும், உண்டவரின் இரத்தத்தில் வெல்லம் எவ்வாறு ஏறுகின்றது என அளந்து 2011 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தூய குளுக்கோசை 100 எனக் கொண்டால், அவித்த கிழங்கு 50 அளவிலும் அதற்குக் கீழும் நின்றது. போறணையில் வைத்ததும் தணலிற் சுட்டதும் 80 அளவிலும் அதற்கு மேலும் ஏறின. பொரித்தது இடையிலே நின்றது. ஒரே கிழங்கு, சமைத்த முறை வேறு, இரத்தத்தில் அதன் நடத்தையும் வேறு. அந்த ஆய்வில் எயார் பிரையர் சேர்க்கப்படவில்லை. ஆயினும், வேலை செய்யும் முறையால் அது போறணையின் இனம் என்பதை முன்னரே கண்டோம். எண்ணெயிற் பொரித்ததனினும் இது எனக்கு நல்லது என்று நீரிழிவு உடையவர் நினைப்பதற்கு, இரத்த வெல்லத்தைப் பொறுத்த மட்டில், ஆதாரம் இல்லை. அவித்த கிழங்கே அவருக்கு ஏற்றது. அதிலும் அளவு வேண்டும்.

பிள்ளைகளின் நிலை வேறு. ஓடி விளையாடும் பிள்ளைக்குக் கிழங்கின் மாப்பொருள் எரிபொருள். செம்மஞ்சட் கிழங்காயின் கண்ணுக்கு வேண்டிய விற்றமின் ஏ ஆக உடம்பு மாற்றிக்கொள்ளும் கரொட்டீனும் அதிலுண்டு. ஆபிரிக்க நாடுகளிற் பிள்ளைகளின் விற்றமின் குறையைப் போக்க அக்கிழங்கைப் பரப்பிய அறிஞர்களுக்கு 2016 ஆம் ஆண்டில் உலக உணவுப் பரிசும் வழங்கப்பட்டது. கரொட்டீன் உடம்பிற் சேர்வதற்குச் சிறிது கொழுப்பு வேண்டும். அந்த ஒரு கரண்டி எண்ணெய் அதற்கும் உதவும்.

அந்த ஆசிரியருக்கு நான் புத்திமதி கூறவில்லை; அவர் என்னிலும் மூத்தவர். வீட்டிலிருக்கும் இரத்தப் பரிசோதனைக் கருவியை மட்டும் நினைவூட்டினேன். நீரிழிவு உடைய நேயர்களும் அவ்வாறே செய்து பார்க்கலாம். ஒருநாள் மாலையில் நூறு கிராம் கிழங்கை அவித்து உண்ணுங்கள். மற்றொருநாள் அதே நேரத்தில், பச்சையாக நிறுத்த அதே நூறு கிராம் கிழங்கை எயார் பிரையரிற் சுட்டு உண்ணுங்கள். இரண்டு நாளும் உண்பதற்கு முன்னரும், உண்டு இரண்டு மணித்தியாலம் கழித்தும் அளந்து, நான்கு எண்களையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கொப்பியை வைத்தியரிடம் காட்டுங்கள்.